ஒப்செஷன்: உட்கார்ந்துகொண்ட படை

ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். அந்தப் பெயரின் முதல் எழுத்து ‘ஒப்செஷன்’ என்ற சொல்லுக்கு உரியது. வேர் லத்தீன். ‘ஒப்’ என்றால் எதிரே, ‘செதேரெ’ என்றால் உட்கார்தல். கோட்டைக்கு எதிரே படை வந்து உட்கார்ந்து, நகராமல் கிடப்பதுதான் ‘ஒப்செசியோ’. நம் முற்றுகையேதான். புறத்திணையில் மதிலை வளைப்பவன் உழிஞை சூடுவான், உள்ளிருந்து காப்பவன் நொச்சி சூடுவான். இந்த நோய் வந்த பிள்ளை நொச்சிப் பக்கம்.

அதனால்தான் இதைப் ‘பெருவிருப்பம்’ என்று பெயர்ப்பது தவறு என்பேன். ‘அம்மா செத்துப்போய்விடுவாள்’ என்ற எண்ணத்தை எட்டு வயதுப் பிள்ளை விரும்பியா வைத்திருக்கிறது? போகமாட்டேன் என்கிறதே என்றுதான் அழுகிறது. ‘சுத்தப் பைத்தியம்’ என்பது இன்னும் கொடுமை. ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்று சொல்வது உண்டு. நோய் முழுவதற்கும் அது நல்ல பெயர். ஒப்செஷனுக்கு மட்டும் ‘முற்றுகை எண்ணம்’ என்பேன். இரண்டாம் எழுத்துக்கு உரிய கம்பல்ஷன் ‘கட்டாயச் செயல்’: தோல் உரியும்வரை கை கழுவுவது, தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

சரி, மருந்து? டாக்டர் எழுதித் தரும் செர்ட்ராலினை யாராவது ‘டிப்ரஷன் மாத்திரை’ என்று சொல்லிவிட்டால் பெற்றோர் பதறிப்போகிறார்கள். அது ‘செரட்டோனின் மீளுறிஞ்சல் தடுப்பி’ வகை; அதாவது, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்து. மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் இரண்டுக்கும் கொடுப்பார்கள். அமெரிக்காவில் ஓசிடிக்காக செர்ட்ராலினை 6 வயதிலிருந்தும், அதே வகை மருந்தான ஃப்ளுவாக்ஸெடினை 7 வயதிலிருந்தும் கொடுக்க அனுமதி உண்டு. முற்றுகை ஒரே நாளில் விலகாது. முழுப் பலனைப் பார்க்க 10 முதல் 12 வாரம் ஆகலாம். நாலு நாளில் ‘பலனில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். எப்போது நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும். தொடக்கத்திலும் அளவு மாறும்போதும் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் தலைகாட்டலாம். பிள்ளை வழக்கத்துக்கு மாறாகப் படபடத்தால் உடனே டாக்டரிடம் பேசுங்கள்.

மாத்திரை மட்டும் போதுமா? அமெரிக்காவில் 7 முதல் 17 வயதுவரையான 112 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், செர்ட்ராலின் மட்டும் எடுத்தவர்களில் சுமார் 21% பேருக்கு நோய் ஏறக்குறைய நீங்கியது. பயத்தை எதிர்கொண்டு கட்டாயச் செயலைச் செய்யாமலிருக்கப் பழக்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39%. இரண்டும் சேர்ந்தபோது 54%.

அப்புறம், வீட்டில் பேசும்போது ‘இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டியா?’ என்று கேட்காமல், ‘அந்த எண்ணம் இன்னைக்கும் வந்து உட்கார்ந்துச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள்.