குழந்தை தைத்த பை கடைத்தெருவுக்குப் போக வேண்டும்

‘வீட்டில் இருக்கும் பழைய பொருளைக் கொண்டு ஒரு பை செய்து வரவும்’ என்று பள்ளியிலிருந்து குறிப்பு வந்தால், பெற்றோர் பலர் முதலில் போவது ஃபேன்ஸி ஸ்டோருக்குத்தான். ஃபெல்ட் துணி, மினுமினுப்புப் பொடி, சூட்டுப் பசைக் குச்சி, பிளாஸ்டிக் முத்து ஆகியவற்றை வாங்கி வந்து, பழைய பொருள் என்ற பெயருக்கு ஓர் அட்டைப் பெட்டியை உள்ளே வைத்துச் செய்யப்படும் அந்தப் பை, கண்காட்சி மேசையில் ஒரு நாள் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது. தனியாக இருந்தபோது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயிருக்கக்கூடிய அட்டை, பசையும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்ட பிறகு எவரும் எடுக்காத பொருளாகிவிடுகிறது. குழந்தைகளுக்குக் கைவினையும் தையலும் கற்பிப்பவள் என்ற முறையில், இத்தகைய பயிற்சியைச் சூழல் பாடம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தை செய்யும் பை ஒரு சுமையைத் தாங்கி, வீட்டில் ஏதேனும் ஒரு பிளாஸ்டிக் பையின் இடத்தைப் பிடித்தால்தான் அந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

துணிப்பை என்பதாலேயே அது நன்மை செய்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒரே முறை பயன்படுத்தி எறியப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், ஒரு புதிய பருத்திப் பை புவி வெப்பமாதலில் அதற்கு ஈடாவதற்கே அதை 131 முறை பயன்படுத்த வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. பருத்தி விளைவிப்பதற்கும் நூற்று நெய்து சாயமிடுவதற்கும் செலவாகும் நீரும் ஆற்றலும் அவ்வளவு. ஏற்கெனவே உடுத்தித் தேய்ந்த வேட்டியிலிருந்து தைக்கும் பைக்கு இந்தச் சுமை ஏறக்குறைய இல்லை. ஆகவே இந்த வேலைக்குப் புதுத் துணி வாங்குவதில்லை என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விதி, பழைய பேப்பர் கடைக்காரர் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் பொருளைக் கைவினைக்கு எடுக்கக் கூடாது என்பது. பால் பாக்கெட்டுகளை நறுக்கிப் பின்னிப் பை செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் கழுவிக் காயவைத்த பால் உறைகள் மறுசுழற்சிக்குப் போகக்கூடியவை. அவற்றை நூலோடும் பசையோடும் கலந்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. மாறாக, சிப்ஸ், பிஸ்கட் உறைகள் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் பல அடுக்குகளாக ஒட்டியவை. பிரித்தெடுக்க முடியாததால் அவற்றைப் பொதுவாக எவரும் வாங்குவதில்லை. சோப்பு நீரில் எண்ணெய் போகக் கழுவி, நீளவாக்கில் மடித்துப் பட்டைகளாக்கிப் பாய் முடைவது போல் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தால், பென்சில் பைக்கு ஏற்ற உறுதியான தாள் கிடைக்கும்.

குழந்தைகளோடு தொடங்குவதற்கு ஏற்றது, பாதி வேலை முன்பே முடிந்திருக்கும் துணிதான். பழைய உள்பாவாடையின் மேற்பகுதியில் நாடா ஓடுவதற்கான மடிப்பு தயாராகவே இருக்கிறது. அதிலிருந்து ஒன்றரைச் சாண் கீழே வெட்டி, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, அடிப்பக்கத்தை மட்டும் தைத்து மீண்டும் திருப்பினால் சுருக்குப் பை ஆயிற்று. விளையாட்டுப் பொருள்களைப் போட்டு வைக்க அந்த அகலம் பொருத்தமாக இருக்கும். ஜீன்ஸின் கால் பகுதியும் இப்படித்தான்: தைத்த விளிம்பு பையின் வாயாகிறது, வெட்டிய விளிம்பை மட்டும் மூடினால் போதும். முழுக்கைச் சட்டையின் கையில் தண்ணீர்ப் பாட்டில் செல்லும். கஃப் பொத்தானைப் பூட்டினால் பாட்டிலின் கழுத்தில் அது நிற்கும். கம்பி முறிந்த குடையின் துணியை மழைக்குப் பின் பலர் எறிந்துவிடுகிறார்கள். ஈரத்தை எளிதில் வெளியே கசியவிடாத அந்தத் துணி, நனைந்த சீருடையையும் நீச்சல் உடையையும் வைக்கும் பைக்கு வேறெதையும்விடப் பொருத்தமானது என்பது என் கருத்து.

வயதுக்கேற்ற வேலைப் பிரிவினை முக்கியம். 5, 6 வயதுக் குழந்தைகளிடம் ஊசியைத் தர வேண்டியதில்லை. நாடாவின் நுனியில் ஊக்கைப் பூட்டி மடிப்புக்குள் செலுத்தி, துணிக்கு மேலிருந்தே விரலால் தடவித் தடவி மறுமுனைக்குக் கொண்டுவருவது அவர்களுக்கு விளையாட்டாகவும், எழுதும் விரல்களுக்குப் பயிற்சியாகவும் அமைகிறது. ஊக்கைப் பூட்டுவதும் கழற்றுவதும் மட்டும் பெரியவர் வேலை. 7, 8 வயதில் முனை மழுங்கிய கம்பளி ஊசியும், நெசவு நெருக்கமில்லாத துணியும் கொடுத்து, ஊசியை மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் பழக்கலாம். ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் கெட்டித் தையல் 10 வயதையொட்டிக் கைக்கு வருகிறது. சுமை தாங்கும் அடிப்பக்கத்துக்கும் கைப்பிடிக்கும் அந்தத் தையலையே பயன்படுத்த வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தை துணியை வெட்ட முடியாமல் திணறினால் குறை பெரும்பாலும் கத்தரிக்கோலில்தான் இருக்கும்: வலக்கைக்கென அமைந்த அலகுகள் இடக்கையில் அழுத்தும்போது விலகிப்போகின்றன, துணி வெட்டுப்படாமல் நடுவில் மடிகிறது. இடக்கைக் கத்தரிக்கோல் கிடைக்காத இடத்தில் வெட்டும் வேலையைப் பெரியவர் செய்துகொடுப்பதில் தவறில்லை. ஊசிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்காமல் எவரையும் பாயிலிருந்து எழ விடக் கூடாது.

சில பொருள்களை முற்றிலும் ஒதுக்க வேண்டும். உரம், பூச்சிக்கொல்லி, சிமெண்ட் வந்த சாக்குகளை எத்தனை முறை கழுவினாலும் குழந்தைகள் கையில் தரலாகாது. அரிசி வந்த பிளாஸ்டிக் சாக்கில் பை தைக்கலாம். ஆனால் வெட்டிய விளிம்பிலிருந்து இழைகள் பிரிந்துகொண்டே இருக்குமாதலால் இரண்டு முறை மடித்துத் தைப்பது அவசியம். வெயிலில் தொடர்ந்து கிடந்தால் இழைகள் நொறுங்கித் துகளாக உதிரும், அந்த நிலை வருமுன் பையைக் கழித்துவிட வேண்டும். செய்தித்தாள் உறையில் வளையலும் விதையும் பரிசும் கொடுக்கலாம். வடையோ பஜ்ஜியோ கூடாது. உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு (பேக்கேஜிங்) விதிமுறைகளே தடை செய்திருக்கின்றன. உறை ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சும்போது, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழைய வழக்கத்தைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பின்பற்ற வேண்டாம். அது நஞ்சு.

ஜவுளிக் கடைகளில் தரும், துணி போலவே தோன்றும் பைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைக்குள்ளான 14 வகைப் பொருள்களின் பட்டியலில் இந்த வகைப் பையும் இருக்கிறது. ஆயினும் படித்தவர்கள் பலரே இதைத் துணியென்று நம்பிச் சேர்த்து வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு இதைக் கண்டறியும் வழி எளிது: ஓரத்தைச் சற்றே வெட்டி ஓர் இழையை இழுத்துப் பார்க்கச் சொல்லலாம். நெய்த துணியில் நெடுக்காக ஓடும் பாவு நூலோ குறுக்காக ஓடும் ஊடை நூலோ நீளமாக உருவி வரும். இதில் நூலே வராது, பஞ்சு போல் பிய்ந்து வரும், வெப்பத்தால் அழுத்திய சிறு புள்ளிகளும் வரிசையாகத் தெரியும். பாவையும் ஊடையையும் தன் விரலால் பிரித்துப் பார்த்த குழந்தையைப் பிறகு கடையில் ஏமாற்றுவது கடினம்.

‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கியபோது, கூச்சத்தால் கைவிடப்பட்டிருந்த ஒரு பழக்கத்துக்கு மறுபடி மதிப்பு வந்தது. அந்தப் பழக்கம் வீட்டில் நிலைப்பதற்குப் பையின் அழகைவிட அதன் உறுதியே காரணமாகும். ஆகவே தைத்து முடித்த பையில் 3 கிலோ அரிசியைப் போட்டு, கதவுக் கைப்பிடியில் ஓர் இரவு தொங்கவிடும்படி என் வகுப்புகளில் சொல்கிறேன். பொதுவாக முதலில் பிடிவிடுவது கைப்பிடி இணையும் இடம்தான். கைப்பிடியின் நுனியைப் பையின் வாயோடு வெறுமனே ஒட்டித் தைக்காமல், மூன்று விரல் அளவு கீழே இறக்கிச் சதுரமாகச் சுற்றித் தைத்து, அந்தச் சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு தைத்தால் சுமை ஒரே புள்ளியில் விழாமல் பரவுகிறது. துணி மிகவும் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் உட்புறமாக ஜீன்ஸ் துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். அறுந்த பையைத் தாயோ ஆசிரியரோ வாங்கித் தைத்துக் கொடுத்துவிடாமல், பழைய நூலைப் பிரித்தெடுப்பதிலிருந்து குழந்தையே தொடங்கட்டும். நேரம் பிடிக்கும், இருந்தாலும் அடுத்த பையில் கைப்பிடியை எங்கே இறக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்ல வேண்டியிருப்பதில்லை.