சலுகைக் கடன் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?

மட்டக்களப்புக் கல்லடியில் பத்துப் பேர்ச் வளவொன்று விலைக்கு வந்திருக்கிறது என்று வையுங்கள். உறுதிக் காணி (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளது), நல்ல கிணறு, பிரதான வீதிக்குக் கிட்ட. அதைக் கேட்டு மூன்று குடும்பங்கள் வருகின்றன. மூன்றுக்கும் இதுதான் முதல் சொந்த வீடு. ஒருவரால் 40 இலட்சம் வரை போக முடியும், அடுத்தவரால் 42, மற்றவரால் 45. பேரம் 42க்கும் 45க்கும் நடுவில் எங்கேயோ முடிந்து, வளவு மூன்றாமவருக்குப் போகும். இந்த நேரத்தில், முதல் வீடு வாங்கும் எல்லோருக்கும் 5 இலட்சம் மானியம் என்று அரசாங்கம் அறிவிக்கிறது. இப்போது மூவராலும் 45, 47, 50 வரை போகலாம். வளவு ஒன்றுதான். அதே ஆள்தான் வாங்குகிறார், விலை மட்டும் 47க்கு மேலே போய்விட்டது. அரசாங்கம் கொடுத்த 5 இலட்சம் வாங்கியவரின் கணக்கில் ஒரு நாள் தங்கிவிட்டு விற்றவரிடம் போய்விட்டது.

வீடு வாங்க அரசு கொடுக்கும் உதவிகளைப் பற்றிய பொருளியல் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தச் சிறிய கணக்கைச் சுற்றித்தான் வருகிறது. ஒரு வளவின் விலையை நிர்ணயிப்பவர், வாங்கியவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உதவி கிடைத்தால் அந்த அடுத்த ஆளின் வலுவும் கூடுகிறது. புதிதாக வளவோ வீடோ வராத வரைக்கும் கூடிய வலு முழுவதும் விலைக்குள் போய்க் கரைந்துவிடும்.

மானியத்தைவிட வேகமாக விலையைத் தூக்குவது கடன் சலுகை. வங்கி பத்து வீத முற்பணம் கேட்டால், கையில் 3 இலட்சம் வைத்திருப்பவர் 30 இலட்சம் வரை கேட்கலாம். முற்பணத்தை ஐந்து வீதமாக்கினால், சம்பளமும் இடங்கொடுத்தால், அதே 3 இலட்சம் 60 இலட்சத்துக்கு வழி திறக்கிறது. வட்டியும் அப்படித்தான். மாதம் 50,000 ரூபாய் தவணை கட்டக்கூடியவர் 20 வருடக் கடனை 14 வீத வட்டிக்கு எடுத்தால் ஏறத்தாழ 40 இலட்சம் கிடைக்கும். வட்டி 8 வீதமென்றால் கிட்டத்தட்ட 60 இலட்சம். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக உழைக்கவில்லை, ஆனால் அவரால் கேட்கக்கூடிய விலை ஒன்றரை மடங்காகிவிட்டது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, வங்கிகளுக்குக் கடன் வழங்கும் கொள்கை வட்டியை 7.50 வீதத்திலிருந்து 14.50 வீதத்துக்கு ஒரேயடியாக உயர்த்தியபோது இதே கணக்கு தலைகீழாக ஓடியது. வீட்டுக்கடனை நம்பியிருந்த பல இளம் குடும்பங்கள் அந்த வருடம் வீடு தேடுவதையே நிறுத்தின.

இந்தக் கணக்கு நிஜ வாழ்வில் எவ்வளவு பலிக்கிறது என்பதற்கு நன்றாக அளக்கப்பட்ட சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 2013 ஏப்ரலில் தொடங்கி 2023 வரை ஒரு திட்டம் நடந்தது. வாங்குபவர் 5 வீதம் போட்டால் போதும், அரசாங்கம் விலையில் 20 வீதம் வரை கடனாகக் கொடுக்கும், முதல் ஐந்து வருடத்துக்கு அந்தக் கடனுக்கு வட்டியில்லை. மிச்சத்தை வங்கியில் எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு மட்டும். 2016இல் லண்டனுக்கு அந்த 20 வீதத்தை 40 ஆக்கினார்கள். லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் இரண்டு எல்லைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். ஒன்று, பெரிய லண்டனின் எல்லை. மற்றது, உதவியின் அளவு மாறுபட்ட இங்கிலாந்து–வேல்ஸ் எல்லை. லண்டனில் நிலமும் இல்லை, கட்டட அனுமதியும் இலகுவில்லை. அங்கே புதிய வீடுகளின் விலை ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது, கட்டுமானம் கூடியதாகத் தெரியவில்லை. வேல்ஸ் எல்லையில் நிலம் தாராளம். அங்கே வீடுகள் கூடுதலாகக் கட்டப்பட்டன, விலை சொல்லும்படி ஏறவில்லை. திட்டம் ஒரே மாதிரியானதுதான். புதிதாகக் கட்ட நிலம் கிடைக்குமா என்பதுதான் பெரிய வித்தியாசம். இன்னொன்றும் தெரியவந்தது: திட்டத்தின்கீழ் வீடு வாங்கியவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர், இந்த உதவி இல்லாமலே தங்களால் ஒரு வீடு வாங்கியிருக்க முடியும் என்று சொன்னார்கள்.

அந்த இரண்டு எல்லைகளும் மட்டக்களப்பில் ஒரே வாவியின் இரு பக்கமும் இருக்கின்றன. எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். காத்தான்குடிக்குள் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மதிலோடு மதில் ஒட்டி, ஒரு வளவை இரண்டாக்கி, அதையும் மாடியாக்கிக் கட்டியிருப்பார்கள். அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எல்லாம் இதே நிலைதான். கிழக்கே கடல், மேற்கே வயல். வயலை நினைத்தபடி நிரப்பவும் முடியாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும், அந்தக் கட்டுப்பாடு நியாயமானதும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கடன் வட்டியைக் குறைத்தால் காணிக்காரருக்குத்தான் இலாபம். தரகர் வந்து வேலியோரம் நின்று சொல்லும் முதல் வார்த்தையே அதுதான்: "லோன் லேசாக் கிடைக்குது, இப்ப வித்திராதீங்க, கொஞ்சம் பொறுங்க."

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இடம் இருக்கிறது. ஆனால் வேலை, பெரிய பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் இக்கரையில் இருக்கும்போது அக்கரை வளவு இக்கரை வளவுக்கு ஈடாகாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். வீடமைப்பு என்ற பெயரில் யாரும் அந்தப் பாலத்தைக் கட்டவில்லை. ஆனாலும் நகரத்தில் வேலை செய்யும் ஒருவர் மகிழடித்தீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ வீடு கட்டுவதை அது நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாங்குபவரின் கைக்குப் பணம் கொடுக்கும் எந்தத் திட்டமும் செய்யாததை, அதாவது வாழக்கூடிய நிலத்தைக் கூட்டுவதை, ஒரு பாலம் செய்தது. அக்கரைக்கு இன்னும் நல்ல பேருந்தும் குழாய்நீரும் போனால், எழுவான்கரை விலைக்கும் அது கடிவாளம் போடும் என்பதே என் கணிப்பு.

உறுதிக் காணியும் பெர்மிட் காணியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய பெர்மிட் காணியைப் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, தனியார் வங்கியில் ஈடுவைப்பதும் இலகுவல்ல. ஆகவே வங்கிக் கடனின் வழியாக வரும் எந்தச் சலுகையும் உறுதிக் காணியைத்தான் தேடிப் போகிறது. இருக்கும் காணியில் ஒரு பகுதியின்மேல் முழுப் போட்டியும் விழுகிறது. போட்டிக்கு வருபவர்களும் எல்லோரும் அல்ல. சம்பளச் சீட்டு உள்ள ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் கடன் கிடைக்கும். கரைவலை இழுப்பவருக்கும் கூலிக்கு வெள்ளாமை வெட்டுபவருக்கும் கிடைக்காது. சலுகை கிடைக்காதவர், சலுகையால் ஏறிய விலையை மட்டும் சுமக்கிறார். இப்படியான திட்டங்களில் எனக்கு மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கிழக்கில் நாம் கூடுதலாகக் கண்டது வேறு வகைத் திட்டம்: சொந்த வளவில் வீடு கட்டக் கொடுக்கும் மானியம். சுனாமிக்குப் பிறகு முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய் என்று கொடுத்தார்கள். பின்னர் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய், வேலை நகர நகரத் தவணையாக. இங்கே விற்பவர் யாரும் இல்லை, காணி விலையும் துள்ளவில்லை. புதிதாக ஒரு வீடு நிச்சயமாக எழும்புகிறது. இந்த வடிவம் சிறந்தது என்று நான் நினைப்பது அதனால்தான். ஆனால் ஊர் முழுக்க ஒரே மாதத்தில் அத்திவாரம் வெட்டினால் தட்டுப்பாடு வேறிடத்தில் முளைக்கிறது. மேசன்மாரின் நாட்கூலி ஏறும், மணல் லோட் விலை ஏறும், சீமெந்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். மானியத் தொகையோ எழுதினபடியே நிற்கும். சுவர் எழும்பி, கூரைக்குப் பணம் போதாமல் நகையை அடகு வைத்த குடும்பங்கள் ஏராளம், கடனில் மாட்டியவர்களும் உண்டு. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் கடலோரத்தில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் முதலில் வந்ததால், பணம் இருந்தும் கட்ட நிலமில்லாமல் பலர் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் காத்திருந்தார்கள்.

மானியத்தைக் கட்டம் கட்டமாகக் கிராமம் மாற்றிக் கொடுப்பது, தொகையைக் கட்டுமானச் செலவோடு சேர்த்து வருடாவருடம் திருத்துவது, உள்ளூர்ப் பொடியன்மாருக்கு மேசன் வேலை பழக்குவது, இவை மூன்றும் அந்தத் தட்டுப்பாட்டைத் தணிக்கும்.

முதல் வீடு வாங்குபவர் என்றால் சம்பளம் எடுக்கும் இளம் தம்பதி என்று வெளிநாட்டுத் திட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ்க் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் வீடு பெண்பிள்ளையோடு போகிறது. கட்டுபவர்கள் தாயும் தகப்பனும், கலியாணத்துக்கு முன்னே. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. 52 வயதுத் தகப்பன் வங்கிக்குப் போனால், 60 வயதுக்குள் கட்டி முடிக்கச் சொல்வார்கள். 8 வீத வட்டியில் 40 இலட்சத்துக்கு 20 வருடத் தவணை மாதம் 33,500 ரூபாயளவில் வரும், எட்டு வருடமென்றால் 56,500 ரூபாய். வட்டியைக் குறைத்தாலும் இந்தத் தகப்பனுக்கு அது எட்டாது. மகளும் மருமகனும் தகப்பனோடு சேர்ந்து கையெழுத்திட்டு, தவணைக் காலம் இளையவரின் வயதைக் கொண்டு கணக்கிடப்படும் கூட்டுக்கடன்தான் இவருக்கு உதவும். அதையும் ஏற்கெனவே இருக்கும் வீட்டை வாங்குவதற்கு என்றில்லாமல், புதிதாகக் கட்டுவதற்கும் தாய் வளவில் மாடி எழுப்புவதற்கும் மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு கடனுக்கும் ஊரில் ஒரு வீடு கூடும்.