சிபிலிஸ்: ஆட்டிடையன் பேரு நோய்க்கு வந்த கதை

உடலுறவுல பரவற ஒரு நோய் சிபிலிஸ், அந்தச் சொல்லைத் தேடிப் போனா கடைசில ஒரு கவிதைல போய் நிக்கும். இத்தாலில வெரோனா ஊர்க்காரர் ஜிரோலமோ ஃபிராகாஸ்டோரோ, தொழில்ல டாக்டர், 1530ல லத்தீன்ல ஒரு நீளமான கவிதை வெளியிட்டார். அதுல சிபிலஸ்னு ஒரு ஆட்டிடையன், வறட்சில மந்தை துடிக்கறதப் பாத்து பொறுக்காம சூரியனையே திட்டி, இனி உனக்குப் பூசை இல்ல எங்க ராஜாவுக்குத்தான்னு சொல்லிடறான், சூரியனுக்கு கோவம் வந்து ஒரு புது நோயை இறக்க, முதல் புண்ணு அவன் உடம்புலயே வருது. அவன் பேருதான் நோய்க்கு நின்னுபோச்சு.

அதுக்கு முன்னாடி? 1495ல பிரெஞ்சு ராஜா எட்டாம் சார்லஸ் படையோட நேப்பிள்ஸ புடிச்சாரு, அந்த சண்டை சமயத்துலதான் நோய் பெருசா வெடிச்சுது, படை கலைஞ்சு சிப்பாய்ங்க அவங்கவங்க ஊருக்குப் போக ஐரோப்பா முழுக்க பரவிடுச்சு. இத்தாலிக்காரங்க "பிரெஞ்சு நோய்"னாங்க, பிரெஞ்சுக்காரங்க "நேப்பிள்ஸ் நோய்"னாங்க, ரஷ்யால "போலந்து நோய்". ஜெர்மன்ல இன்னும் மோசம், நோய்ங்கற சொல்லு கூட இல்லாம வெறுமனே "பிரெஞ்சுக்காரங்க"ன்னே பேரு. இங்கிலீஷ்ல "பெரிய அம்மை"ன்னும் சொன்னாங்க, அதுல இருந்து பிரிச்சுக் காட்டத்தான் நம்ம பெரியம்மை அவங்களுக்கு "சின்ன அம்மை" ஆச்சு! மொழிபெயர்க்கறவங்க இங்க வழுக்கி விழறது சகஜம்.

நம்ம பக்கமும் இதே கததான். பறங்கின்னா ஐரோப்பாக்காரன், போர்ச்சுகீசியர் வந்தப்புறம் பரவுனதால இந்த நோய்க்கு பறங்கிப்புண்னு பேரு. ஆனா பறங்கிங்கற சொல்லோட வேரு என்னன்னா, பாரசீகத்துல ஃபரங்கி, அதுக்கும் பின்னாடி ஃபிராங்க்ங்கற இனத்தோட பேரு, அதே ஃபிராங்க்ல இருந்துதான் பிரான்ஸ்ங்கற பேரும் வந்துச்சு. ஆக இத்தாலிக்காரன் சொன்ன பேரும் நம்ம பாட்டன் சொன்ன பேரும் ஒரே வேர்ல போய் முட்டுது, எனக்கு இத படிச்சப்ப உடம்பே சிலிர்த்துச்சு. நாட்டு மருந்துக் கடைல முண்டு முண்டா கட்டையாட்டம் கிடைக்குமே பறங்கிப்பட்டை, அத இந்தப் புண்ணுக்கு சித்த வைத்தியத்துல குடுத்தாங்க. இலங்கைல மட்டும் கவனம், அங்க பறங்கின்னா யாஸ்ங்கற வேற நோய், கிருமி கிட்டத்தட்ட ஒண்ணுதான் ஆனா அது தோல் பட்டு பரவுறது, பெரும்பாலும் குழந்தைங்களுக்கு வரும்.

சரி, சிபிலிஸுக்கு தமிழ்ல என்ன பேரு எழுதலாம்? மேகநோய்னா இதுல வர்ற மேகம் வானத்து மேகம் இல்ல, சிறுநீரைக் குறிக்கற வடசொல் மேஹ, வெட்டை (கொனோரியா) உட்பட பல நோய் அதுல அடங்கும், அதனால குழப்பம். பால்வினை நோய்ங்கறது மொத்த வகைக்கே பேரு. கிரந்திதான் எனக்கு சரியாப் படுது, அதுவும் வடசொல்தான், முடிச்சு, கட்டின்னு பொருள், எந்த ஊர்க்காரன் மேலயும் பழி போடல. நோயாளி கைல குடுக்கற நோட்டீஸ்ல "கிரந்தி நோய் (சிபிலிஸ்)"னு போட்டு, பென்சிலின் ஊசில குணமாகும்னு அடுத்த வரிலயே எழுதிடணும். பறங்கிப்புண்ண பழைய ஏடு பதிப்பிக்கறவங்க வச்சுக்கட்டும்.