அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்

"பல்வலிதான் போயிடுச்சே டாக்டர், இனி இது எதுக்கு?" வேர் சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரேயை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏன் என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. இங்கே சொல்லிவிடுகிறேன்: விபத்திலோ தீயிலோ ஒருவர் இறந்து முகம் தெரியாமல் போனால், அவர் யார் என்று பல்லை வைத்துக் கண்டுபிடிக்க அந்த எக்ஸ்ரே உதவும்.

1897 மே மாதம் பாரிஸில் அறப்பணிக்கு நிதி திரட்ட நடந்த ஒரு சந்தையில் தீப்பிடித்து 120-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். உடையையும் நகையையும் வைத்துப் பலரைக் கண்டுபிடித்தார்கள். மீதி உடல்களுக்காக, இறந்தவர்களின் பல் மருத்துவர்களையே அழைத்தார்கள். ஆஸ்திரியப் பேரரசியின் தங்கையை அடையாளம் காட்டியதும் அவருடைய பல் மருத்துவர்தான்.

உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். தீயில் முன்பற்கள் வெடித்துப்போனாலும், கன்னமும் நாக்கும் மறைத்திருக்கும் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பதிவு வேண்டுமே! அதில் கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப் பல், அதாவது எங்கள் கணக்கில் 46, சொத்தை அடைத்தது என்று இருக்கிறது. உடலில் அதே பல் அடைப்பே இல்லாமல் முழுசாக இருந்தால், அது வேறு ஆள். பதிவில் முழுசாக இருந்து உடலில் அடைப்பு இருந்தால்? பிறகு அடைத்திருக்கலாம், தேடலைத் தொடரலாம். எக்ஸ்ரே இருந்தால் இன்னும் நல்லது. அடைப்பின் ஓரமும் வேரின் வளைவும் ஆளுக்கு ஆள் மாறும்.

சினிமாவில் காட்டுவது வேறு: கடித்த தடத்தை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தோல் இழுபடும், வீங்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் கடித்தடத்தை நம்பி 1992-இல் தண்டிக்கப்பட்டவர், டிஎன்ஏ சோதனைக்குப் பின் 2002-இல்தான் வெளியே வந்தார். 2012 டெல்லி நிர்பயா வழக்கிலும் கடித்தடம் சான்றாக ஏற்கப்பட்டது, சரி. ஆனால் அங்கே டிஎன்ஏவும் கூடவே இருந்தது.

அதனால் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமாகக் கொடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து, தேதியோடு சேமியுங்கள். பல் தெரியச் சிரித்த செல்ஃபிகூட உதவும். அப்புறம், வீட்டுப் பெரியவர்களுக்குப் பல்செட் கட்டினால் உள்ளே பெயர் வைத்துத் தரச் சொல்லுங்கள். சின்னச் சீட்டு ஒன்றைப் பல்செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடிவிடலாம், போட்டிருக்கும்போது வெளியே தெரியாது.