நீச்சல் தெரியும்ங்கிற தைரியத்துல போகாதீங்க

இந்த சம்மர்லயும் அதே கேஸ். நார்வேயோட வடகோடி ஃபின்மார்க்ல, ஏரியிலேர்ந்து ஆறு பிரியுற வாய்ல கிரேலிங், ட்ரவுட் மீனெல்லாம் தூண்டில்ல நல்லா கடிக்கும்னு ரெண்டு பேர் கனூவுல (துடுப்புப் போடுற குறுகலான சின்னப் படகு) போயிருக்காங்க, மாட்டுன மீனை எடுக்க ஒருத்தர் எழுந்து நின்னிருக்காரு, கவுந்துடுச்சு. லைஃப் ஜாக்கெட் இருந்துச்சாம், மடிச்சுப் போட்டு அது மேல உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தர்தான் உயிரோட எங்ககிட்ட வந்தாரு.

கேட்டா, "நல்லா நீச்சல் தெரியும் டாக்டர்." ஒவ்வொரு தடவையும் இதேதான்!

உங்க நீச்சல் அங்க உதவாதுங்க. ஜூன்ல பனி உருகி வர்ற தண்ணி, வெளிய 25 டிகிரி வெயில் அடிச்சாலும் உள்ள ஆறேழு டிகிரிதான் இருக்கும். பொத்துனு விழுந்த உடனே உங்களைக் கேக்காமலே நெஞ்சு பெருசா ஒரு மூச்சை இழுக்கும், அப்போ தலை தண்ணிக்குள்ள இருந்தா உள்ள போறது தண்ணிதான். நீச்சல் வீரருக்கும் இதேதான் நடக்கும். "விறைச்சுப் போக அரை மணி நேரம் ஆகும்ல, அதுக்குள்ள கரைக்கு வந்துடலாம்"னு கணக்குப் போடுறாங்க. உடம்பு விறைக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே, பத்து நிமிஷத்துல, கை போயிடும். பிழைச்சவர் மிதந்துட்டிருந்த ஜாக்கெட்டைப் பிடிச்சுட்டாரு, ஆனா விரல் மடங்கல, பக்கிளைப் போட முடியல, வாரைப் பல்லால கடிச்சுக்கிட்டே கிடந்திருக்காரு.

வேடர்ல (மீன் பிடிக்கிறவங்க தண்ணியில இறங்க நெஞ்சு வரைக்கும் போடுற, தண்ணி புகாத பேன்ட்) தண்ணி நிரம்புனா கீழ இழுத்துடும்னு பயப்படுறதும் தப்பு, தண்ணிக்குள்ள தண்ணி கனக்காது, கரையேறும்போதுதான் கனக்கும். இடுப்பு பெல்ட்டை இறுக்கிப் போடுங்க.

ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிட்டுத்தான் படகுல காலை வைக்கணும். கரையை ஒட்டியே போங்க. கவுந்தா முதல் ஒரு நிமிஷம் நீந்தாதீங்க, படகைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு அடங்குற வரைக்கும் மிதங்க. அந்தப் பொட்டல்ல பல இடத்துல சிக்னலே கிடையாது, சாட்டிலைட் மெசஞ்சரை (ஃபோன் சிக்னல் இல்லாமலே சாட்டிலைட் வழியா உதவி கேக்குற சின்னக் கருவி) உங்க பாக்கெட்லயே வச்சுக்கோங்க, பையில போட்டா படகோட போயிடும். சிக்னல் இருந்தா 113-க்கு அடிங்க, அதுதான் நார்வேயோட ஆம்புலன்ஸ் நம்பர்.

தூக்குனவரை நடக்க விடாதீங்க, படுக்க வைங்க, ஈரத்துணியை வெட்டி எடுத்துட்டுப் போர்த்துங்க. கைகாலைத் தேய்க்காதீங்க. சூடேத்துறேன்னு சரக்கு ஊத்தாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

மூச்சு இல்லைன்னா "போயிட்டாரு"ன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. 1999-ல நார்விக் பக்கம் ஓடைப் பனிக்கு அடியில 80 நிமிஷம் சிக்கிக்கிட்ட ஒரு பெண்ணோட உடம்பு வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிடுச்சு, ட்ரோம்சோ ஆஸ்பத்திரியில பிழைக்க வச்சாங்க. ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் ஆள் மாத்தி ஆள் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயோட வாய் வச்சு மூச்சு கொடுக்குறது) பண்ணிட்டே இருங்க.