கறுப்பு பீருக்கு நாக்கு பழகுவது எப்படி?

போர்ட்டர் பீர் நிறைந்த கோப்பையை மேசையில் வைத்தால் கறுப்பாகத் தெரியும். அதையே விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் மாதுளைச் சிவப்பு மின்னும். அதாவது, கறுப்பு என்று கண் சொன்னதில் பாதிதான் உண்மை. இந்த பீரைப் பற்றி நிலவும் மற்ற நம்பிக்கைகளில் அந்தப் பாதியும் தேறுவது கடினம். போதை அதிகம் என்பார்கள். ஸ்டவுட் என்பது போர்ட்டரின் வழிவந்த கறுப்பு பீர். குழாயில் பிடித்துத் தரப்படும் கின்னஸ் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம், பரவலாகக் குடிக்கப்படும் வெளிர்நிற லாகர் பீர்கள் பலவற்றில் 5 சதவீதம். வயிற்றை அடைக்கும் கனம் என்பார்கள். அதே அளவு சாதாரண லாகரைவிடக் கின்னஸில் கலோரி சற்றுக் குறைவு. கடும் கசப்பு என்பார்கள். பீரின் கசப்பை அளக்க ஓர் அலகு உண்டு, பீரில் சேர்க்கும் ஹாப் என்ற பூவின் கசப்பு அமிலம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் ஏறத்தாழ ஓர் அலகு. போர்ட்டர்கள் பெரும்பாலும் 20 முதல் 40 அலகுக்குள் அடங்கிவிடும். பொன்னிறத்தில் பளபளக்கும் இந்தியா பேல் ஏல் வகை பீர்களோ 60, 70 என்று ஏறும்.

அப்படியிருந்தும் போர்ட்டரின் முதல் மடக்கில் பலரும் முகம் சுளிக்கிறார்கள். பின்னாளில் அவர்களில் சிலர் வேறு பீரைத் தொடுவதே இல்லை. கோப்பையில் இருப்பது மாறவில்லை; மாறியது குடிப்பவர்தான்.

முதலில் நிறத்தின் கதையை முடித்துவிடலாம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தினால் வெளிர் மால்ட் கிடைக்கும். அதையே 200 டிகிரிக்கு மேல் வறுத்தால் தானியத்தின் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்களாக மாறும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மெயிலார்ட் 1912-இல் விவரித்த வினை இது. அந்தச் சேர்மங்களில் மெலனாய்டின்கள் கருநிறத்தைத் தருகின்றன. பைரசின்கள் வறுபட்ட மணத்தைத் தருகின்றன. ஆனால் அந்த வெப்பத்தில் தானியத்தின் நொதிகள் அழிந்துவிடும். நொதியில்லாமல் மாவுச்சத்து சர்க்கரையாகாது, சர்க்கரையில்லாமல் ஈஸ்ட்டுக்கு வேலையில்லை. ஆகவே கருக வறுத்த மால்ட்டை மொத்தத் தானியத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பது அரிது. மீதியில் பெரும்பகுதி, லாகருக்குப் போடும் அதே வகை வெளிர் மால்ட்தான்.

லண்டனில் போர்ட்டர் பிறந்த 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதை வேறாக இருந்தது. தெருக்களிலும் தேம்ஸ் கரையிலும் மூட்டை தூக்கியவர்கள் குடித்த அந்த பீர், விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட்டால் ஆனது. புகை மணத்தைத் தணிக்கப் பெரிய மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் முதிர வைத்தார்கள். அந்தத் தொட்டிகளின் பிரம்மாண்டத்துக்கு ஒரு துயரச் சான்று உண்டு: 1814 அக்டோபர் 17 அன்று டாட்டனம் கோர்ட் சாலையருகே இருந்த மியூ நிறுவனத்தின் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்து, பீர் வெள்ளத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். இதற்கு முன்பே, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வந்ததும், பழுப்பு மால்ட்டில் சர்க்கரை குறைவு என்ற உண்மை ஆலைக்காரர்களுக்குப் புலப்பட்டிருந்தது. வெளிர் மால்ட்டுக்கு மாறினால் லாபம்; ஆனால் கறுப்பை எங்கிருந்து கொண்டுவருவது? நிறத்துக்காகக் கண்டதையும் கலந்தவர்கள் உண்டு. 1816-இல் சட்டம் அதைத் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற ஒன்றில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கறுப்பு பீரின் சுவை அந்த உருளையில் தொடங்கியது.

இனி நாக்கு. சுவையை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்ப வைக்கும் புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். இனிப்பை உணர நம்மிடம் ஒரே ஒரு வகை ஏற்பிதான் பிரதானமாக உள்ளது. கசப்பை உணரவோ ஏறத்தாழ 25 வகைகள். இயற்கையில் நச்சுகள் பல கசப்பவை, அவை பல வடிவங்களில் வருபவை. அதனால் காவலும் பல வாசல்களில் நிற்கிறது. ஹாப் பூவைக் கொதிக்க வைக்கும்போது உருவாகும் கசப்பு அமிலங்கள் இவற்றில் மூன்று வகை ஏற்பிகளைத் தூண்டுவதாகத் தெரிய வந்திருக்கிறது. கைக்குழந்தையின் நாவில் கசப்பு பட்டாலே முகம் கோணுவதால், இந்த வெறுப்பு யாரும் சொல்லிக் கொடுத்தது அன்று. அது எல்லோருக்கும் ஒரே அளவிலும் இல்லை. பி.டி.சி. என்ற சேர்மம் சிலருக்குக் கசக்கிறது, சிலருக்குச் சுவையே இல்லை என்று வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் 1931-இல் அறிவித்தார். அந்த வேறுபாடு மரபணுவில் இருக்கிறது. ஆகவே ஒரே மேசையில் இருவர் ஒரே பீரைக் குடித்தாலும் இருவர் நாவிலும் கசப்பு ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. கறுப்பு பீர் பிடிக்காதவரைப் பார்த்து ரசனை போதாது என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பிறவி வெறுப்பு எப்படித் தளர்கிறது? பல கைகள் சேர்ந்து அதைத் தளர்த்துகின்றன. ஒன்று, வெறும் பழக்கம். பொருளற்ற சொற்களையும் முன்பின் தெரியாதவர்களின் படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே அவற்றின்மீது விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் காட்டினார். உணவிலும் இதுவே நடக்கிறது: குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை என்ற செய்தி மூளையில் சேரச் சேர அபாய மணி தணிகிறது. இன்னொன்று உமிழ்நீர். கசப்பும் துவர்ப்பும் உள்ளதைத் தொடர்ந்து உண்ணும்போது உமிழ்நீரின் புரதங்கள் மாறுகின்றன. எலிகளில் இது தெளிவாகக் காணப்பட்டது, மனிதர்களிடமும் இதே போக்கு தென்பட்டது. மூன்றாவதை மது ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆல்கஹால் மூளையின் வெகுமதிச் சுற்றைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டலுக்கு முன்னால் வந்த சுவை எதுவோ, அதையும் மூளை நல்லதாகக் குறித்துக்கொள்கிறது. பழகிய ரசனை என்று பெருமையாகச் சொல்வதில் ஒரு பங்கு போதையின் பாடம்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மூக்கின் பங்கு. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறு போன்ற உமாமி மட்டுமே. காப்பி, கோகோ, ரொட்டியின் கருகிய மேலோடு என்று போர்ட்டரில் நாம் பெயர் சொல்லும் அனைத்தும், விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணங்கள். அவை வெறும் உவமைகளும் அல்ல. வறுத்த காப்பியிலும் கோகோவிலும் உள்ள பைரசின் குடும்பமே வறுத்த மால்ட்டிலும் இருக்கிறது. பால் கலக்காத காப்பியோ கறுப்புச் சாக்லேட்டோ பிடித்தவர்கள் போர்ட்டருக்கு விரைவில் பழகுவதில் வியப்பில்லை. புதியவருக்கு எல்லாம் சேர்ந்து ‘கசப்பு’ என்ற ஒற்றைக் குறியாக வந்து விழுகிறது. பழகியவரின் மூளை அதையே தனித்தனி இழைகளாகப் பிரிக்கிறது. கசப்பு அப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் பலவற்றுள் ஒன்றாக.

கண் இதில் எவ்வளவு தலையிடுகிறது என்பதற்கு பிரான்ஸின் போர்டோ நகரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு போதும். வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் மாணவர்களிடம் கொடுத்தார்கள்; அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய மணங்களை அதில் விவரித்தார்கள். கறுப்பு பீரைப் பார்த்தவுடன் கசப்பை எதிர்பார்ப்பவருக்கு அது கூடுதலாகவே கசக்கும்.

பரிமாறும் விதமும் உதவும், கெடுக்கும். பனிக்கட்டியாய்க் குளிர்ந்த போர்ட்டர் வீண். நாவின் சுவைச் செல்களில் இனிப்புச் செய்தியைக் கடத்தும் ஒரு நுண்வாசல் உண்டு; அது வெப்பம் கூடினால் நன்றாகத் திறக்கும், குளிரில் மந்தமாகும். மணங்களும் குளிரில் எழும்பாது. மால்ட்டின் இனிப்பும் மணமும் ஒதுங்கிவிட, கசப்பும் புளிப்பும் முன்னால் நிற்கும். 10 முதல் 13 டிகிரி வரை பொறுத்திருந்தால் அதே பீர் வேறாக இருக்கும். குமிழிகளுக்கும் பங்கு உண்டு. பீரில் வழக்கமாகக் குமிழியிடும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி நாக்கைக் குத்துகிறது. நைட்ரஜன் அவ்வளவாகக் கரையாது, குமிழிகளும் மிகச் சிறியவை. கின்னஸ் 1959-இல் நைட்ரஜன் கலந்த ஸ்டவுட்டைக் கொண்டுவந்தது. கனம் என்று பலர் நினைப்பது பெரும்பாலும் அந்த நுரையின் மென்மைதான். உப்பிலுள்ள சோடியமும் கசப்பை அடக்கும், அதனால் உப்புப் பண்டம் பக்கத்தில் இருப்பது நல்லது.

எதிலிருந்து தொடங்குவது என்றால், பால் ஸ்டவுட்டைச் சொல்வேன். அதில் சேர்க்கும் லாக்டோஸை பீர் ஈஸ்ட் உண்ணாது. அந்த இனிப்பு அப்படியே தங்கிக் கசப்பை மறைக்கும். அடுத்து சாதாரண போர்ட்டர். பிறகு, முளைகட்டாத பார்லியை வறுத்துப் போடும் ஐரிஷ் உலர் ஸ்டவுட். இம்பீரியல் ஸ்டவுட்டைக் கடைசிக்கு வையுங்கள். அதில் ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம் வரை போகும், அதைக் குடிக்கும் கோப்பை சிறியதாகவே இருக்கட்டும். மது வேண்டாதவர்களுக்கு ஆல்கஹால் நீக்கிய ஸ்டவுட்டும் உண்டு. மணத்தின் பெரும்பகுதி வறுத்த தானியத்திலிருந்தே வருவதால், ஆல்கஹால் நீக்கிய லாகரைவிட இது மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது என் கணிப்பு.