சிரித்தவர்களில் ஒருவர் கேட்டிருக்கலாம்

கேரள எல்லையிலுள்ள வாளையாறு தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில் 12 வருடமாகத் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவு வேலை பார்க்கிறேன். கொழிஞ்சாம்பாறைத் தமிழரும் பாலக்காட்டு மலையாளியும் ஒடிசாப் பையன்களும் இங்கே ஒரே ஷிஃப்டில் நிற்பார்கள்.

வடக்கிலிருந்து வந்தவர் எந்த மாநிலமானாலும் கேரளத்தில் 'பங்காளி'தான். வங்காளி என்பதன் மலையாள உச்சரிப்பு அது. நம் காதில் உறவுமுறை போல விழும், ஆனால் சொல்கிற தொனியில் உறவு இருக்காது. அரசு 'அதிதித் தொழிலாளி', அதாவது விருந்தினர் தொழிலாளி, என்று எழுதுகிறது, கேன்டீன் வரிசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், புது பிரஸ் மெஷின் பற்றி ஒடிசாப் பையன் ஒருவன் இரண்டாம் தடவை கேட்டதற்கு, "பங்காளிக்கு இதெல்லாம் எங்கே ஏறப்போகுது" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். பையன் அப்புறம் எதையும் கேட்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, மெயின் சுவிட்சை அணைக்காமலே சிக்கிய தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டான். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் விரல்கள் தப்பின.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்த அன்றே அவனைக் கூப்பிட்டு, புகார் கொடுக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றான், நானும் விட்டுவிட்டேன். வேலை, தங்குமிடம் இரண்டும் கான்ட்ராக்டர் கையில் இருக்கிறவன் எப்படிக் கொடுப்பான்? கேட்க வேண்டியவர்கள் அங்கே நின்று சிரித்தவர்கள். பெரிய சண்டை எல்லாம் வேண்டாம், "அண்ணா, அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்ற ஒரு வரி அந்த நிமிஷமே வந்திருந்தால் போதும்.

பிறகு சூப்பர்வைசரைத் தனியாக டீக்குக் கூப்பிட்டேன். "விளையாட்டுக்குச் சொன்னேன் சார், மனசுல ஒண்ணும் இல்ல" என்றார். மனசு எப்படி என்று பேச ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், அதனால் "அதுக்கப்புறம் அவன் உங்ககிட்ட ஏதாவது கேட்டானா அண்ணா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் அவர் வாயே திறக்கவில்லை. "என்னையும் சின்ன வயசுல பாண்டின்னுதான் கூப்பிட்டாங்க" என்றார் கடைசியில். கேரளத்தில் தமிழரை இளக்காரமாகக் கூப்பிடும் பெயர் அது. மறுநாள் ஷிஃப்ட் தொடங்கும்முன், எல்லோர் முன்னாலும், பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மெஷினை முதலிலிருந்து விளக்கினார். அவமானம் நாலு பேர் முன்னால் நடந்தது, திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். என்ன பேசப்பட்டது என்று தேதியோடு எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்து இருவரிடமும் தனித்தனியாக மறுபடி விசாரித்தேன்.

டீயோடு முடிக்கக் கூடாதவையும் உண்டு. பெண்ணிடம் பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டம் இருக்கிறது. 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும், புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளியைச் சாதிப் பெயர் சொல்லிப் பொதுவில் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவற்றைப் 'பேசித் தீர்த்துக்கலாம்' என்று அமுக்க எந்த மேனேஜருக்கும் உரிமையில்லை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் காலைப் பாதுகாப்புக் கூட்டம் இத்தனை நாளும் மலையாளத்தில் மட்டுமே நடந்தது. அதை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். திங்கட்கிழமை முதல் ஹிந்தியிலும் தமிழிலும் திருப்பிச் சொல்ல ஆள் நிற்கிறார்கள், கூட்டம் 10 நிமிடம் நீள்கிறது, பரவாயில்லை.